வடக்குச் சன்னல்

இப்போதெல்லாம் எதையும் மூடியபடி விட்டுவைக்க ஒருவருக்கும் மனசு வருவதில்லை. மூடியிருந்தால் திறக்க வேண்டும். திறந்தால் முன்னால் நின்று படம் எடுக்க வேண்டும். எங்கள் லோமெச்னாவில் பேருந்து பேருந்தாக வந்து இறங்குகிறவர்கள் மாதா கோவிலுக்குள் தொப்பியோடு நுழைகிறார்கள், சதுக்கத்தில் நிற்கும் கொள்ளைநோய் நினைவுத் தூணின் படியில் ஐஸ்கிரீமைச் சிந்திவிட்டுப் போகிறார்கள். இவர்கள் எட்டிப் பார்க்கத்தான் மேயரம்மா ஊர்க்காவல் கோபுரத்தின் வடக்குச் சன்னலை இடித்துத் திறந்தாள்.

அதைச் செங்கல் வைத்து அடைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஏன் அடைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பொழுது சாயும்போது கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதுவது எங்கள் வழக்கம். ஊர்க்கதவைச் சாத்தப்போகிறோம், வெளியே இருப்பவர்கள் வீடு வந்து சேருங்கள் என்று அதற்கு அர்த்தம். கிழக்கே ஊதுவார்கள், தெற்கே, மேற்கே. வடக்கே மட்டும் கிடையாது. கொள்ளைநோய் வந்த வருஷம் வடக்கு வாசலுக்கு வெளியே குடியிருந்தவர்களை அப்படியே வெளியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் ஊதவில்லை. கூப்பிட்டால் உள்ளே விட வேண்டுமே. கதவைத் தட்டித் தட்டியே அத்தனை பேரும் செத்தார்கள். பின்னால் வந்த பிரபு ஒருவன் அந்த இடத்தில் தண்ணீரைத் தேக்கிக் கெண்டை வளர்க்க ஏரியாக்கினான்.

அப்படிச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. அந்த ஏரியில் மீன்வேலை பார்த்தே கிழவனானவன் நான். சேற்றில் சேற்றைத் தவிர எதையும் கண்டதில்லை.

என் மகனைக்கூடக் காணவில்லை.

லூபோஷும் என்னோடு அதே ஏரியில்தான் வேலை பார்த்தான். விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஆளுக்கொரு தட்டைப் படகில் போவோம். பக்கத்துப் படகு கண்ணுக்குத் தெரியாது. அவன் கழியால் படகின் விளிம்பைத் தட்டுவான். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். நானும் அதேபோல் தட்டுவேன். எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது. ஒரு குளிர்காலத்தில், மீன் மூச்சுவிடுவதற்காக உறைந்த ஏரியில் ஓட்டை வெட்டப் போனவன், பனிக்கட்டிக்கு அடியில் போய்விட்டான். மீன் அறுவடைக்கு ஏரித் தண்ணீரை வடித்தபோது சகதியைக் கையாலேயே துழாவினேன். அதற்கடுத்த முறையும் துழாவினேன். பிறகு விட்டுவிட்டேன்.

என் மனைவி பிளாஜெனா விடவில்லை.

எக்காளம் ஊதுகிற வில்லெம் அவளுடைய தம்பி. இந்த இலையுதிர்காலத்தில் ஏரியை வடித்த அன்று, எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பொரித்த கெண்டை தின்றுகொண்டிருந்தான்.

“நாளைக்கு வடக்கேயும் ஒரு தடவை ஊதுடா,” என்றாள்.

“அக்கா, சன்னலைத் திறந்து வைக்கத்தான் சொல்லியிருக்காங்க. ஊதச் சொல்லல.”

“எம் புள்ளைய வீட்டுக்கு வான்னு கூப்பிட இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் வாயில்ல.”

“அந்தப் பக்கம் அவன் மட்டுமா இருக்கான்?”

“முள்ளு தொண்டையில மாட்டிக்கும், பேசாமத் தின்னு மச்சான்,” என்றேன் நான். “ஊதுனா காத்துதான் வரும்.”

மறுநாள் அவன் ஊதும்போது நான் ஏரிக்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எக்காளச் சத்தம் காலியான ஏரிக்கு மேலே போய், எங்கும் முட்டாமல், அப்படியே அடங்கிற்று. காக்கைகள் வாயை மூடிக்கொண்டன. அடிச்சேற்றின் புளித்த நாற்றம் எழுந்தது.

அப்புறம் அந்தச் சத்தம்.

சகதியிலிருந்து காலைப் பிடுங்கும்போது வருமே, அது. வாழ்நாளெல்லாம் கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா.

ஒரு கால் அல்ல.

விளக்கை அடித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் வெறுங்கால் தடங்கள், அத்தனையும் ஊர்ப்பக்கம் பார்த்தபடி. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை. மீன் திருடர்கள் என்று முடிவுகட்டினேன்.

எங்கள் வீடுகளில் பூட்ஸோடு யாரும் உள்ளே வரமாட்டார்கள். விருந்தாளிகள் மாட்டிக்கொள்ளக் கம்பளிச் செருப்புகளை வாசலிலேயே வரிசையாக வைத்திருப்போம். அன்று சாயங்காலம் அதில் ஒரு ஜோடி சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடந்தது. பிழிந்தால் தண்ணீர் ஒழுகும்போல நனைந்திருந்தது. எதிரே ஒரு தட்டில் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

“யாரு வந்தா?”

“மெதுவாப் பேசு,” என்றாள் பிளாஜெனா. “சாப்பிடுறாங்க.”

“யாரு?”

“லூபோஷ் வரிசையில பின்னால நிக்கிறானாம். ஒரு ஊதலுக்கு ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான் வர முடியுமாம். முன்னாடியே காத்துக் கிடந்தவங்க முதல்ல வர்றதுதானே முறை? வரிசைன்னா எனக்குத் தெரியாதா? கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துல கடைக்கு வாழைப்பழம் வந்தாலே மணிக்கணக்கா வரிசையில நின்னவதானே நானு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வருஷக்கணக்காகக் கேட்காத சிரிப்பு.

அதன்பின் தினமும் தம்பியை ஊத வைத்தாள். தினமும் இன்னொரு ஜோடி நனைந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்து உட்கார்ந்து லூபோஷைப் பற்றியே பேசுவாள். கோடரி பட்டு இடது காலில் சுண்டுவிரல் போனது, காதை மூடும் தொப்பி, சூப்பில் சீரகம் தூக்கலாக இருக்க வேண்டும் என்பது, எல்லாம். நாற்காலிகள் கேட்டுக்கொண்டிருக்கும். தரைப்பலகை உப்பியது. பழைய வீடு, ஈரம் ஏறுகிறது என்றேன்.

வில்லெம் ஒருநாள் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

“மச்சான், மேற்கே பார்த்து ஊதுறப்போ பின்னால யாரோ மூச்சு விடுறாங்க. ஈர மூச்சு. இனிமே நான் ஏற மாட்டேன்.”

“குடியைக் குறைச்சா எல்லாம் சரியாப் போகும்,” என்றேன்.

மறுநாள் கோபுரப் படிக்கட்டில் செத்துக் கிடந்தான். வாய் நிறையக் கருஞ்சேறு, களிமண் திணித்த மாதிரி. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். மேயரம்மா பயந்துபோய் ஆள் விட்டுச் சன்னலை மறுபடியும் அடைத்தாள்.

அன்றைக்கும் பொழுது சாய்ந்தது.

வடக்கே எக்காளம் ஊதிற்று.

பதிவு செய்து போடுகிறார்கள், சுற்றுலாக்காரர்களுக்காக. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

பிளாஜெனா இளைத்தாள். உதடு நீலம் பாரித்தது. பேசினால் ஏரி நாறியது. டாக்டரைக் கூட்டி வரட்டுமா என்றால், விருந்தாளிகள் இருக்கும்போது அந்நியர் எதற்கு என்றாள். நேற்று சாயங்காலம் நான் வந்து பூட்ஸைக் கழற்றினால் வாசலில் என் செருப்பைக் காணோம்.

“என் செருப்பு எங்க?”

“புள்ள வந்துட்டான், மத்தோஷ்!” முகமெல்லாம் ஈரம் அவளுக்கு. “அவனோடதப் பூச்சி அரிச்சுப்போச்சு. உன்னோடதக் குடுத்தேன்.”

என் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. குனிந்து இடது செருப்பை எடுத்தேன். உள்ளே சேறு படிந்து, அதில் கால் பதிந்திருந்தது.

நாலு விரல்.

“நாலு விரலப் பாத்தா நம்பிடணுமா?” என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். “தினமும் உக்காந்து நீதானே சொல்லிக் குடுத்த? விரலு, தொப்பி, சீரகம்னு. கேட்டுக்கிட்டிருந்தது எதுவா இருந்தாலும் இப்படித்தான் வரும். வா, பிளாஜெனா. உங்க சித்தி ஊருக்குப் போயிடலாம்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் நாற்காலியைப் பார்த்து எதையோ கேட்டுக்கொண்டாள். பிறகுதான் திரும்பினாள்.

“உக்கார இடமில்லையே கிழவா. நீ வெளிய நில்லு. உன் முறை வரும்.”

கையைப் பிடித்து இழுத்தேன். அடிச்சேறு எவ்வளவு குளிருமோ அவ்வளவு குளிர்ச்சி. அசையவில்லை. விட்டுவிட்டேன்.

பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தத்துக்கு ஏரிக்கரைமேல்தான் போக வேண்டும். மதகை அடைத்துவிட்டதால் தண்ணீர் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. பனிமூட்டம். படகுகளையெல்லாம் நான்தான் கொட்டகையில் ஏற்றிப் பூட்டினேன். தண்ணீரில் ஒன்றும் இல்லை.

தட்டிற்று.

இரண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று.

இந்தத் தட்டுக் கணக்கை நான் பிளாஜெனாவிடம் சொன்னதில்லை. ஒருவரிடமும் சொன்னதில்லை.

குளிரில் மரம் வெடிக்கும். அந்தச் சத்தமாகத்தான் இருக்கும். நான் நம்பவில்லை. நடந்தேன். மறுபடியும் தட்டிற்று, இம்முறை தண்ணீரில் அல்ல, எனக்குப் பின்னால் கரைமேல். கோட்டுப் பைக்குள் என் விரல்கள் பதிலுக்குத் தட்டிவிடாதபடி இறுக்கி மடக்கிக்கொண்டு, திரும்பாமல் நடந்தேன்.