செவ்வாய்க்கிழமைக் கற்கோடாரி

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. குடையை வகுப்பறை ஜன்னலில் மாட்டிவிட்டு வந்த ஞாபகம் அவளுக்கு அப்போதுதான் வந்தது... வந்து என்ன பிரயோஜனம்? காட்டு வழியாகக் குறுக்கே போனால் பஸ் ஸ்டாப் பத்தே நிமிஷம் என்று யாரோ சொன்னதை நம்பி இறங்கியாயிற்று. ஒரு கையில் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸின் விடைத்தாள் கட்டு, இன்னொரு கையில் செருப்பு. சரிவில் ஒரு கால் வைத்தாள். அடுத்த காலை வைப்பதற்குள் சர்ர்ரென்று வழுக்கி, சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அய்யோ... அம்மா!"

உட்கார்ந்த இடத்தில் என்னவோ குத்தியது. எரிச்சலோடு கையை விட்டு எடுத்தவள், மழையை மறந்தாள், வலியை மறந்தாள்.

உள்ளங்கை அகலக் கல். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, ஓரத்தைக் கூராக்கி, நுனியை ஒடுக்கி... ஆறு வருஷமாக எட்டாம் வகுப்புக்கு இரண்டாம் பாடத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டிக்கொண்டிருக்கிறாளே, அதே கற்கோடாரி! 'தேதி டீச்சர்' என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் அந்த வரலாற்று டீச்சருக்கு, வரலாறு முதல் தடவையாகக் கையில் கனத்தது.

அந்த நேரம் பார்த்து எதிரே இருந்த புதர் ஆடியது. முதலில் ஒரு தலை வந்தது, பிறகு இரண்டு முழங்கைகள். தவழ்ந்து வந்தான் ஓர் ஆள்! முடியெல்லாம் இலை, மூக்கெல்லாம் சேறு. அந்தச் சேற்றுக்கு நடுவே இரண்டு கண்கள்... சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு கண்கள். இமையில் நின்ற மழைத்துளிகூடக் கீழே விழ மனசில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பாடா, கிடைச்சிடுச்சா!" என்றான் அவன். "குடுங்க, அது என்னுது."

"எது உங்களுது?"

"உங்க கையில இருக்கிற கல்லு."

"ஹலோ சார்... இது பழைய கற்காலம். குறைஞ்சது ஒரு லட்சம் வருஷம் இருக்கும்!"

"இல்லீங்க. போன செவ்வாய்க்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி செஞ்சது."

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்!"

கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்றடி பின்வாங்கினாள். ஒரே கையால் ஃபோனை எடுத்து அப்பாவுக்கு அடித்தாள். அவள் அப்பா அருங்காட்சியகத்தின் தலைவர். வெளியூரில் அகழாய்வுக் குழியில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா! கற்கோடாரி! முழுசா... உடையாம!"

"எடுத்துட்டியா? இருக்கிற இடத்தை விட்டு எடுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை..."

"எடுக்கலப்பா. அது மேல உக்காந்துட்டேன்."

மறுமுனையில் அப்பா கூவியே விட்டார். "நீயாம்மா கண்டுபிடிச்சே? என் பொண்ணா? புதன்கிழமை வந்துடறேன், பத்திரமா வச்சுக்கோ."

பாடம் நடத்துவது வேறு, வரலாற்றைத் தேடுவது வேறு என்று சாப்பாட்டு மேஜையில் தவறாமல் சொல்கிற மனுஷர்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஃபோனை வைத்துவிட்டு அவனைப் பார்வையால் ஒரு வெட்டு வெட்டினாள். "எங்கப்பா யாரு தெரியுமா? மியூசியத் தலைவர்!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஈர மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ என் அனுமதிக் கடிதத்துல இருக்கிற கையெழுத்து உங்கப்பாவோடதா? போச்சு... எல்லாம் போச்சு."

விஷயம் இதுதான். இந்தக் காட்டில்தான் அவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறான். புத்தகம் கிடையாது. நாரில் கயிறு திரிப்பது, கட்டையைக் கடைந்து நெருப்பு மூட்டுவது, கல்லை உடைத்துக் கருவி செய்வது... அதுதான் பாடம். 'காட்டு வாத்தியார்' என்றால் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் தெரியும். ஆனால் இந்த மண்ணுக்கு அடியில் நிஜமான பழைய கற்காலக் கருவிகள் கிடக்கின்றன. அதனால் அருங்காட்சியகம் ஒரு விதி போட்டிருந்தது. அவன் செய்த கல் ஒன்றுகூட மண்ணில் தங்கக் கூடாது. தொலைந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அனுமதி ரத்து.

"செவ்வாய்க்கிழமை அஞ்சு கோடாரி செஞ்சேன். பசங்க மரப்பட்டை சீவிட்டுத் திருப்பிக் குடுத்தது நாலு. எப்படியும் கிடைச்சிடும்னு நாலு நாளா சொல்லாம தேடுறேன். அதான் என் தப்பு."

"நல்லா ஜோடிக்கிறீங்க கதை! ஆதாரம் இருக்கா?"

"சில்லு இருக்கு" என்றான் அவன். "தார்ப்பாய் விரிச்சுதான் உடைப்பேன். தெறிச்ச சில்லையெல்லாம் பொறுக்கித் தேதி போட்டுப் பையில கட்டி வச்சிருவேன். எந்த இடத்துல இருந்து பேர்ந்துச்சோ, அந்த இடத்துல மட்டும்தான் சில்லு திரும்ப உக்காரும்."

அது உண்மை என்று அவளுக்கும் தெரியும். படித்திருக்கிறாள். "ஒரே ஒரு சில்லு உக்காரட்டும், நம்புறேன்" என்றாள் மூக்கை விடைத்துக்கொண்டு. "உக்காரலைன்னா போலீஸ்!"

"சரிங்க டீச்சர், நாளைக்கு இங்கயே வாங்க, சில்லோட இருக்கேன். முதல்ல செருப்பைப் போடுங்க. காலைக் கிழிச்சிக்கப் போறீங்க."

டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தான் என்று யோசித்தபடியே நடந்தாள். பஸ் ஏறிய பிறகுதான் விடைத்தாள் கட்டு ஞாபகம் வந்தது... 'திருடன்! பார்த்திருக்கான்!'

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர் ஆளுக்கொரு நாரை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தார்கள். அவன் அவளைக் கண்டதும் முழுசாகச் சிரித்தான். மூக்கில் இன்றைக்குச் சேறு இல்லை. 'இருந்திருந்தாலே தேவலை' என்று பட்டது அவளுக்கு.

"டீச்சர், இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க. விட்டுடாதீங்க."

பிடித்தாள். அவன் மறுமுனையில் முறுக்க முறுக்க, கயிறு அவள் விரலுக்குள் உயிரோடு துடித்தது. எதற்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்கிறது? நாருக்கா?

"இந்த ஒரு முழத்துக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று பிள்ளைகளைக் கேட்டான்.

"அரை மணி நேரம் சார்!"

"ஒரு குடிசை கட்ட முந்நூறு முழம் வேணும். அப்போ அந்தக் காலத்துல ஒரு மனுஷன் தன்னந்தனியா வாழ்ந்திருக்க முடியுமா?"

பிள்ளைகள் விரல்விட்டு எண்ணினார்கள். ரெட்டை ஜடைக்காரி ஒருத்தி எழுந்தாள். "முடியாது சார். கயிறு திரிக்கறதுக்குள்ளயே மழை வந்துடும். நாலு பேராச்சும் வேணும்."

"கைதட்டுங்கடா இவளுக்கு! ஊர் எப்படி உண்டாச்சுன்னு கண்டுபிடிச்சுட்டா!"

காடே அதிர்ந்தது. தேதி டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இதே விஷயத்தை மூன்று பத்தியாக எழுதிப்போட்டு, 'மனப்பாடம் பண்ணிட்டு வாங்க' என்று சொன்னவள் அவள். ஆறு வருஷத்தில் ஒரு குழந்தைகூட இப்படித் துள்ளியதில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பரபரப்பு... நாளைக்கே தன் வகுப்பையும் இங்கே கூட்டிவர வேண்டும்!

ஞாயிறு மாலை, திங்கள் மாலை, செவ்வாய் மாலை. பள்ளி உள்ள நாளில் மணி அடித்ததும் ஓடி வந்துவிடுவாள். மரத்தடியில் தார்ப்பாய் விரித்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். நடுவில் அறுநூற்றுச் சொச்சம் சில்லு. ஒவ்வொன்றாகக் கோடாரியில் வைத்துப் பார்ப்பாள்.

"இது?"

"அது வேற கல்லு டீச்சர். நிறம் பாருங்க."

"எனக்குக் கத்துக்குடுக்காதீங்க!"

"நான் எதுக்குங்க... என் வயித்துப்பாடே உங்கப்பா கையில இருக்கு."

"அந்தப் பயம் இருக்கட்டும்!"

சிரிப்பு வந்துவிடும். சிரித்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் மீண்டும் சில்லுக்குள் குனிந்துகொள்வார்கள். ஒருமுறை இரண்டு விரல்கள் ஒரே சில்லை எடுக்கப் போய்... போனதுதான், எடுக்கவில்லை. யார் முதலில் கையை இழுத்தது என்று இன்றுவரை இருவருக்கும் சண்டை.

செவ்வாய்க்கிழமை வெயில் இறங்கும் நேரம். "இதை வச்சுப் பாருங்க" என்று ஒரு சில்லை நீட்டினான். பிறை வடிவம், நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. நுனிக்குக் கீழே இருந்த பள்ளத்தில் வைத்தாள்.

க்ளிக்.

கோடு தெரியவில்லை. கல்லின் உள்ளே ஓடிய வெள்ளை ரேகை சில்லுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது.

"உக்காந்துடுச்சு! பாருங்க, பாருங்க... உக்காந்துடுச்சு!" குதித்தாள். அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். அப்புறம்தான் உறைத்தது. கல் இவனுடையதுதான். அப்படியென்றால் நாளையோடு இவன் வகுப்பு முடிந்தது. ரெட்டை ஜடைக்காரி இனி எங்கே எழுந்து நிற்பாள்?

"நான் அப்பாகிட்ட சொல்லிடறேன்" என்றாள் அவசரமாக. "சாதாரணக் கல்லு, தெரியாம கத்திட்டேன்னு சொல்றேன். திட்டு வாங்குறது எனக்குப் புதுசா என்ன?"

"வேணாங்க."

"ஏன் வேணாம்? பெரிய அரிச்சந்திரன்!"

"மண்ணுல கிடந்த கல்லைப் பத்திப் பொய் சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்தப் பசங்களுக்கு வரலாறு நடத்துறது? நீங்களும் சொல்லக் கூடாது டீச்சர். ப்ளீஸ்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. அந்தக் கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தபோது பயமும் வந்தது. கோடாரியைத் தார்ப்பாயிலேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

புதன்கிழமை அப்பா காட்டுக்கே வந்தார். காரை விட்டு இறங்கும்போதே முகம் மலர்ந்திருந்தது. மகள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலுக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, அது நான் செஞ்சது. தொலைஞ்சு ஒரு வாரம் ஆச்சு. உங்ககிட்ட சொல்லல." சில்லையும் கோடாரியையும் சேர்த்தே நீட்டினான்.

அப்பா பொருத்திப் பார்த்தார். எடுத்தார், மறுபடி பொருத்தினார். முப்பது வருஷம் குழி தோண்டியவர் கண்ணில் ஒரு வினாடி மின்னல் வெட்டியது. அவ்வளவுதான். "விதின்னா விதிதான் தம்பி. இன்னியோட நிறுத்திக்கங்க."

அவன் தலையசைத்தான். பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு தார்ப்பாயைச் சுருட்ட ஆரம்பித்தான். ஒரு வார்த்தை கெஞ்சவில்லை, பாவி!

"அப்பா, நில்லுங்க."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இந்த விதி எதுக்குப்பா? இப்போ செஞ்ச கல்லு பழைய கல்லோட கலந்துடக் கூடாது, அதுக்குத்தானே? கலக்க விடாதது யாரு? லட்சம் வருஷம்னு நான் குதிச்சேன். ஃபோன்ல நீங்களும் குதிச்சீங்க. செவ்வாய்க்கிழமைன்னு சொன்ன ஒரே ஆளு இவர்தான். வாயை மூடிட்டு இருந்தா இவர் தப்பு வெளியவே வந்திருக்காது."

"ஒரு வாரம் மறைச்சது?"

"தப்புதான். செய்யறதும் எண்ணறதும் ஒரே ஆளா இருந்தா தப்பு வரத்தான் செய்யும். கூட ஒரு ஆளு வேணும். நான் வர்றேன். நான் எண்ணறேன், நான் கையெழுத்துப் போடுறேன். இனி ஒரு கல்லு தொலைஞ்சா நேரா என்னைக் கேளுங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். மகளைப் பார்த்தார். சுருட்டிய தார்ப்பாயோடு சிலையாக நின்றவனையும் பார்த்தார்.

"நீ வர்றது கல்லுக்காகவாம்மா... இல்ல, இந்த ஆளுக்காகவா?"

காது மடல் இரண்டும் கொதித்தன. வரலாற்றுக்காக என்று சொல்லியிருக்கலாம். நேற்றுவரை அவள் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆளுக்காகத்தான்பா" என்றாள்.

சலசலவென்று ஒரு சத்தம். அவன் தோளில் இருந்த பை நழுவி, அறுநூற்றுச் சொச்சம் சில்லும் ஈரப் புல்லில் கொட்டிவிட்டது.

"அட, விதி!" என்று அலறினார் அப்பா. "நிக்காதீங்க, பொறுக்குங்க! ரெண்டு பேரும் எண்ணி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அனுமதியை அதுக்கேத்த மாதிரி மாத்தி எழுதித் தர்றேன்." சொல்லிவிட்டு அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார்.

மூன்று பேரும் மண்டியிட்டிருந்தார்கள். தூறல் போட ஆரம்பித்தது.

"டீச்சர்..." அவன் குரல் புல்லுக்குள்ளிருந்து வந்தது. "நானும் ஒண்ணு ஒத்துக்கணும்."

"என்ன, இன்னொரு கோடாரி தொலைஞ்சிடுச்சா?"

"அந்தப் பிறைச் சில்லு... திங்கக்கிழமையே கிடைச்சிடுச்சு. சட்டைப் பையில ஒளிச்சு வச்சுக்கிட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். "அடப்பாவி! ஏன்?"

"குடுத்திருந்தா செவ்வாய்க்கிழமை நீங்க வந்திருக்க மாட்டீங்களே... இன்னும் ஒரே ஒரு நாள் உங்களைப் பார்த்துக்கறேன்னு மனசு கெஞ்சுச்சு. எனக்கு உங்களை அவ்ளோ பிடிச்சிருக்குங்க."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. ஈரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குடுத்திருந்தாலும் வந்திருப்பேன்" என்றாள்.