மேல்மாடி மூக்கும் கீழ்மாடிப் புகையும்

"ஹலோ... கீழ! உங்களைத்தான்!"

மாரித் அண்ணாந்து பார்த்தாள். மூன்றாம் மாடி சன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கலைந்த முடி, பச்சைக் கண்கள்... அந்தக் கண்ணில் அப்படியொரு கோபம்!

ஜெர்மனியின் ஹம்பர்க்கில் காலை எழுந்ததும் சன்னலை விரியத் திறந்து பத்து நிமிடம் வெளிக்காற்றை உள்ளே விடாவிட்டால் அது வீடே இல்லை. மழை கொட்டினாலும் சரி, பனி பெய்தாலும் சரி. போன வாரம் மேலே குடிவந்த மனிதர் அதைத்தான் செய்திருக்கிறார். அந்நேரம் பார்த்து மாரித் கீழே பால்கனியில் நின்று நாளின் முதல் சிகரெட்டைப் பற்ற வைத்திருக்கிறாள்.

"மொய்ன்!" என்று ஊர் வழக்கப்படி வணக்கம் வைத்தாள். "என்ன விஷயம்?"

"உங்க புகை முழுக்க என் தலகாணியில வந்து படுத்திருக்கு!"

"அதுக்கு நான் வாடகையா கேட்டேன்?"

"விளையாடாதீங்க. நான் காபி ருசி பாக்கற வேலையில இருக்கேன். இந்த மூக்குதான் எனக்குச் சோறு போடுது."

"நான் துறைமுகத்துல பயணிகள் படகு ஓட்டறேன். இந்தக் கைதான் எனக்குச் சோறு போடுது. கையில என்ன பிடிச்சிருந்தா உங்களுக்கென்ன?"

தலை உள்ளே போய்விட்டது. அவன் வாயை அடைத்துவிட்டோம் என்று அவள் சிரித்துக்கொண்டாள். ஆனால் அன்று முழுக்க படகைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் பச்சைக் கண்கள்... சே, என்ன இது, நாற்பத்தொரு வயதில்!

மறுநாள் அவள் கதவில் ஒரு தாள். தட்டச்சு செய்து, கட்டம் போட்டு! ஆறிலிருந்து ஆறரை: மேல்மாடிக்குக் காற்று. ஆறரையிலிருந்து ஏழு: கீழ்மாடிக்குப் புகை. கீழே 'ஹென்னிங் ப்ரோடர்சன்' என்று கையெழுத்து. ஒரு சிகரெட்டுக்கு அட்டவணை போடுகிற ஆளை உலகத்தில் வேறெங்கே பார்க்க முடியும்? 'ஞாயிறு நான் ஒன்பதுக்குத்தான் எழுவேன்' என்று சிவப்பு மையில் திருத்தி, அவன் கதவிலேயே கொண்டுபோய் ஒட்டினாள்.

அட்டவணை ஒரு வாரம்தான் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு மாரித் ஆறு மணிக்கே வெறுங்கையோடு பால்கனிக்கு வர ஆரம்பித்தாள்... மேலே யாராவது எட்டிப் பார்ப்பார்களா என்று. ஹென்னிங்கோ ஆறரைக்கு மேலும் சன்னலைச் சாத்துவதில்லை. புகை மேலே போகும், அவன் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசுவான்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

நவம்பரில் ஒருநாள் அவன் வீட்டில் காபி. 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு வரலாம் என்று சொல்லும் உரிமை அந்த ஊரில் வயதில் மூத்தவருக்குத்தான். பிறந்த தேதியை ஒப்பிட்டுப் பார்த்தால் மாரித் நாலு மாதம் பெரியவள்.

"அப்ப நீங்கதான் சொல்லணும், கேப்டனம்மா" என்றான். காது சிவந்திருந்தது.

"சரி... நீ ரொம்ப அழகா காபி போடறே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மடமடவென்று எல்லாம் நடந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவன் கேட்டான். "ரெண்டு வாடகை எதுக்கு? மேல வந்துடேன்... ஆனா சிகரெட் வேண்டாமே, மாரித். என் மூக்கு..."

"விட்டுட்டேன் போ!" என்றாள், காதல் மயக்கத்தில்.

எட்டு நாள் தாக்குப் பிடித்தாள். ஒன்பதாம் நாள், பனிமூட்டத்தில் ஒரு சரக்குக் கப்பல் அவள் படகை உரசுவதுபோல் வந்து விலகியது. கரை சேர்ந்ததும் முதல் வேலையாக ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துவிட்டாள். சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த முகத்தோடு சொல்வது? புதினா மிட்டாயை மென்று, தலைக்குக் குளித்து, சட்டை மாற்றி, நல்ல பிள்ளையாக மேலே போய் உட்கார்ந்தாள். தினமும்.

"இன்னிக்கு பதினேழாவது நாள்!" என்று ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பெருமையடித்தாள்.

"வாழ்த்துகள்" என்றான் ஹென்னிங், உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே. காது செக்கச்செவேலென்று சிவந்தது.

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்குத் தெரியும்... இல்ல?"

"ஒன்பதாவது நாள்லேர்ந்து."

"தெரிஞ்சுக்கிட்டே வேடிக்கை பாத்தியா? நான் கோமாளியா உனக்கு?"

பொய் சொன்னவள் அவள். கோபித்துக்கொண்டு கதவை அறைந்து போனவளும் அவளே! இது நியாயமா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. இன்னும் காலி செய்யாத தன் கீழ்வீட்டுக்கே திரும்பி, ஒரு வாரம் பால்கனிப் பக்கம் போகவில்லை. புகைக்கிறவளும் புகைக்காதவனும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியாது, முடிந்தது கதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அழுகைதான் வந்தது.

எட்டாம் நாள் மதியம், ஊசி ஊசியாக மழை. படகில் கயிறு கட்டும் ஊழியன் ஊவே, ஓட்டுநர் அறைக்குள் தலையை நீட்டினான். "கேப்டன், மேல்தளத்துல ஒரு ஆளு இறங்கவே மாட்டேங்கறாரு. இது நாலாவது சுத்து. தொப்பலா நனைஞ்சுட்டாரு."

"டிக்கெட் இருக்கா?"

"நாள் முழுக்கப் போற டிக்கெட் வெச்சிருக்காரு. படகு ஓடறப்ப ஓட்டறவங்ககிட்ட பேசக்கூடாதாம், அதனால காத்திருக்கேங்கறாரு. பாவம், உள்ள உக்காரச் சொன்னாலும் கேக்கல."

ஹென்னிங்கேதான்! சட்டத்தை மதிக்கிற லட்சணத்தைப் பார்! மாரித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐந்தாம் சுற்றோடு அவள் வேலை முடிந்தது. மிதவைத் துறையில் எதிரெதிரே நின்றார்கள். அவன் இமையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மூக்கு ஒரு சாக்குதான், மாரித்" என்றான். "உன் புகையால என் வேலைக்கு ஒண்ணும் ஆகல. எனக்குப் பயம். நீ எனக்கு முன்னாடி போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? பழகி மூணு மாசம்கூட ஆகல, சாவைப் பத்தி எப்படிப் பேசறதுன்னு வெக்கப்பட்டு... மூக்கு மேல பழியப் போட்டேன். நீ மறுபடி பிடிச்சப்பகூட வாயத் திறக்கல. கேட்டா நீ போயிடுவியோன்னு இன்னொரு பயம்."

எவ்வளவு நல்லவன் இவன்! ஐந்து சுற்று மழையில் நின்றது அவளிடம் ஒரு மன்னிப்பை வாங்கவா? இல்லை, அவனே கேட்பதற்கு!

"சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள். "பண்ணினா மறுபடி பொய் சொல்லுவேன். வீட்டுக்குள்ள பிடிக்க மாட்டேன். விடப் பாக்கறேன்... தோத்தா அன்னிக்கே உன்கிட்ட வந்து சொல்றேன். இவ்வளவுதான் முடியும். இதுக்கு மேல வேணும்னா வேற ஆளைப் பாரு."

"வேற ஆளுக்குப் படகு ஓட்டத் தெரியுமா?"

"கேலி பண்ணாதடா..."

"சொன்னா போதும், மாரித். கூட இரு. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்ப கேட்டுக்கோ. இன்னிக்கு மூணு. காலையில ரெண்டு... நீ மேல நனைஞ்சுக்கிட்டு நின்னப்ப, தாங்க முடியாம, அந்தக் கரையில ஒண்ணு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அப்புறம்... உன்னை நான் ரொம்ப நேசிக்கிறேன். அதையும் எழுதிக்கோ."

அவன் குனிந்து முத்தமிட்டான். புகை நெடியில் முகம் லேசாகச் சுளித்தது... ஆனாலும் அவன் விடவில்லை.