ஜுரம் இறங்கிய சாயங்காலம்

லேப்டாப்பின் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இளமதி அதில் ஒன்றையுமே திறந்திருக்கவில்லை.

அடுப்படியில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தவள் காதில், ஹைவேயில் எளாவூர்ப் பக்கம் போகிற லாரிகளின் உறுமலுக்கும் தகரக் கூரையில் விழுகிற மழைக்கும் நடுவே, அந்தச் சத்தம் தனியாக வந்து விழுந்தது. அவள் நாலு வயது மகள் பூமிகாவைவிட மூத்த லேப்டாப் அது. கான்ட்ராக்டர் ஆபீசில் வேண்டாமென்று ஒதுக்கியதை, வீட்டிலிருந்தே சம்பளக் கணக்கு போடச் சொல்லி இவள் தலையில் கட்டியிருந்தார்கள். பேட்டரி உப்பிப்போகவே, புருஷன் சரவணன் அதைக் கழற்றிவிட்டான். வயர் இருந்தால்தான் அதற்கு உயிர். முனகுவது அதற்குப் புதிதில்லை. இன்றைக்கு விட்டு விட்டு முனகியது. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தது.

கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தொட்டாள். சுட்டது. பின்பக்க ஓட்டையிலிருந்து வந்த காற்றில் பிளாஸ்டிக் வாடை இல்லை. ஜுர மருந்தின் தித்திப்பும் வியர்வையும் கலந்த வாடை அடித்தது. மருந்து பாட்டில் பக்கத்தில் இருப்பதால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கீழே பாயில் பூமிகா அசையாமல் தூங்கினாள். சில நாளாக அனலாய்க் கொதித்த நெற்றி மத்தியானம்தான் குளிர்ந்திருந்தது. அந்த நிம்மதியில் இளமதி சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதே விட்டாள்.

சரவணன் சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் எலக்ட்ரீஷியன். போன் போட்டாள்.

"லேப்டாப் கொதிக்குதுங்க. நான் ஒண்ணுமே தொறக்கல."

"பின்னாடி எதுனா ஓடிக்கினு இருக்கும். டாஸ்க் மேனேஜர தொறந்து பாரு."

திறந்தாள். மேல் வரிசையில் பெயரே இல்லாத ஒன்று, இருக்கிற சக்தியை எல்லாம் தானே இழுத்துக்கொண்டிருந்தது.

"பேரே இல்லீங்க."

"அப்ப கட் பண்ணு. எங்க பிளான்ட்ல தெரியாத லோடு ஓடுதுன்னா மொதல்ல கட்டு, அப்பறந்தான் பேச்சு. பாப்பா எப்டி கீது?"

"ஜொரம் உட்டுச்சு. தூங்கறா."

போனை வைத்தாள். அந்த வரியை நிறுத்தினாள். ஃபேன் நின்றது. மழைச் சத்தம்கூடச் சற்றுத் தள்ளிப் போன மாதிரி இருந்தது.

பாயிலிருந்து பல்லைக் கடிக்கும் சத்தம்.

ஓடினாள். பூமிகாவின் உடம்பு தோசைக்கல்லாய்க் காய்ந்தது. கண் மேலே செருகியது. "எரியுதும்மா..." கிண்ணத்துத் தண்ணீரில் துணியை நனைத்து நெற்றியில் போட்டாள். போட்ட துணி உடனே சூடானது.

ஃபேன் தானாகவே ஓடத் தொடங்கியது.

உள்ளங்கைக்கு அடியில் குழந்தையின் நெற்றிச் சூடு இறங்கியது. மெல்ல. நன்றாக உணரும்படி. மேஜைமேல் திரையில், பெயரில்லாத அந்த வரி மறுபடி முதலில் நின்றது.

ஜுரத்தை அதுதான் இழுத்துக்கொள்கிறது என்று இளமதிக்குப் புரிந்துவிட்டது. பயம் வரவில்லை, சந்தோஷம்தான் பொங்கியது. எது என்று கேட்கவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. லேப்டாப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நிறுத்தாத. நீ எரிஞ்சே போனாலும் நிறுத்தாத."

அது நிறுத்தவில்லை.

சோறு வடித்துவிட்டு வந்து மறுபடி தொட்டுப் பார்த்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. கால் அதைவிடக் குளிர்ந்திருந்தது. போர்வை போட்டாள். இன்னொன்று போட்டாள். உதடு நீலமாகியிருந்தது.

"பாப்பா."

உள்ளங்காலைத் தேய்த்தாள். பானைத் தண்ணீரில் கை வைத்த மாதிரி இருந்தது.

மேஜைக்குப் பாய்ந்தாள். வரியை நிறுத்தினாள். ஃபேன் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். நிற்கவில்லை. சரவணன் சொன்னது நினைவுக்கு வந்தது. முதலில் கட். வயரைப் பிடுங்கினாள்.

திரை இருண்டது.

ஃபேன் நிற்கவில்லை.

இழுத்தது. நிறுத்தியது. மறுபடி இழுத்தது.

குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தெருமுனையில் கிளினிக். கதவைத் திறந்தாள். மழை முகத்தில் அடித்தது. தோளில் கிடந்த தலை ஒருபக்கமாகச் சரிந்தது. கழுத்தில் மூச்சு படவில்லை. கொஞ்சம்கூட.

"அம்மா."

பின்னாலிருந்து வந்தது. மேஜைமேலிருந்து.

"எரியுதும்மா."

இளமதி வாசலிலேயே நின்றாள். தோளில் சில்லிட்டது. பின்னால் அழுதது. தண்ணீர் கேட்டது. பூமிகா கேட்கிற மாதிரியே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கதவைச் சாத்தினாள்.

மழை விட்ட பிறகு பைக் சத்தம் கேட்டது. சரவணன் வெளியே ஷூவைக் கழற்றினான்.

"இன்னா, லைட்டு கூட போடாம கீற? பாப்பா தூங்கிட்டாளா?"

"மெதுவா பேசுங்க. இப்பதான் கண்ணசந்தா."

மடியில் போர்வைக்குள் லேப்டாப் சூடாக மூச்சு விட்டது. ஈரத்துணியை மாற்றிப் போட்டாள். தட்டிக்கொடுத்தாள். பாயில் கிடந்ததை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.