பாதி ஏறிய நீலம்

மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை. பகல் ஒன்று இருபது.

டெல்மர் ஹிங்கிள் தன் வீட்டு நிலவறைப் பட்டறையில், முக்காலிக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தார். வலது நெற்றிப்பொட்டில் ஓட்டை. வலது கையில் அவருடைய சொந்த ரிவால்வர். இரண்டு கைகளிலும் ரப்பர் உறை. மேசைமேல் ஒரு பழைய துப்பாக்கியின் குழல், மரப்பிடியிலிருந்து கழற்றப்பட்டு, பாதி கருநீலமும் பாதி வெள்ளியுமாகக் கிடந்தது.

சத்தம் யாருக்கும் கேட்கவில்லையா என்று விசாரிப்பதே வீண்வேலை. அன்றைக்கு மேற்கு வர்ஜீனியா மலை முழுக்க வெடிச்சத்தம்தான். பள்ளிக்கூடத்துக்கே லீவு. நாய்கூடத் தலையைத் தூக்கியிருக்காது.

ஷெரிஃப் டீட்டர் வந்த சுருக்கில் முடிவு கட்டிவிட்டார். "மொத நாளு வேட்டைக்குப் போகாம ஒருத்தன் வீட்ல உக்காந்திருந்தா, உள்ளுக்குள்ள என்னமோ ஒடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். தற்கொலை. எழுதிக்க, ரோடா."

உதவி அதிகாரி ரோடா எழுதிக்கொள்ளவில்லை. காரணம், மேலே சமையலறையில் உட்கார்ந்திருந்த டெல்மரின் மனைவி வெர்னா.

வெர்னா விடியற்காலையிலிருந்து தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் வேட்டைக்காரர்களுக்குப் பக்வீட் அப்பமும் சாசேஜும் பரிமாறிக்கொண்டிருந்தாள். பாதி ஊர் அவள் கையால்தான் சாப்பிட்டது. திரும்பி வந்தவள் கண்டது இதை. ஆனால் அவளை உலுக்கியது வேறு. மேசையில் கிடந்த துப்பாக்கி அவள் அப்பாவுடையது. ஜூன் மாத வெள்ளத்தில் நிலவறைக்குள் தண்ணீர் ஏறி, குழலில் துரு பிடித்துவிட்டது. டெல்மர் யாரையும் கேட்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி துரு பிடிக்காமலிருக்க இரும்பில் கரைசல் தடவிப் புதிதாக நீலம் ஏற்ற ஆரம்பித்தார். நாற்பது வருஷம் அப்பாவின் உள்ளங்கை பட்டு வெளிறிப்போயிருந்த இடம், துருவோடு சேர்ந்து போயே போய்விட்டது. அதை அன்று காலையில்தான் வெர்னா பார்த்தாள்.

"அந்தத் துப்பாக்கி போனதுக்கு நீ போயிருக்கலாம்னு அவர்கிட்ட சொல்லிட்டுக் கெளம்பினேன், ரோடா," என்றாள். "போயிட்டாரு."

தற்கொலை என்று எழுதினால், இந்த மனுஷி சாகும்வரை அந்த ஒரு வாக்கியத்தைத்தான் தின்று உயிர்வாழப்போகிறாள். அதற்காகப் பொய்யாக எழுதவும் ரோடாவுக்குக் கை வராது. மறுபடியும் நிலவறைக்கு இறங்கினாள்.

ரோடாவும் வீட்டில் இந்த நீலம் ஏற்றும் வேலையைச் செய்து விரல்களைக் கறுப்பாக்கிக்கொண்டவள்தான். கையுறையோடு குழலைத் தொட்டாள். வழுக்கியது. மோந்து பார்த்தாள். துப்பாக்கி எண்ணெய். நீலம் ஏறிய பாதியில் மட்டுமல்ல, வெள்ளையாக இருந்த பாதியிலும்.

மேசையை அலசினாள். திறந்திருந்த நீலக் கரைசல், ஸ்பிரிட்டில் நனைத்த துணி, இரும்பு நார். எண்ணெயும் இல்லை, எண்ணெய்த் துணியும் இல்லை. டெல்மரின் கையுறைகளைக் குனிந்து முகர்ந்தாள். ஸ்பிரிட் வாடை மட்டும்.

மேலே போய் எண்ணெய் எங்கே என்று கேட்டாள். துணி துவைக்கும் அறை அலமாரியில் என்றாள் வெர்னா. நீலம் ஏற்றுகிற நாட்களில் டெல்மர் எண்ணெயைக் கீழே அண்டவே விடமாட்டாராம். டப்பா அங்கேயேதான் இருந்தது. மூடிமேல் தூசி.

அடுப்பருகே வெர்னாவின் அண்ணன் பாய்ட் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். ஆரஞ்சு வேட்டைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தங்கை போன் செய்ததும் காட்டிலிருந்து நேரே ஓடிவந்ததாகச் சொன்னான். விடிந்ததிலிருந்து எதிர் மலையில் மரத்துமேல் இருந்தானாம், தனியாக. இந்த வீட்டுக்குள் கால் வைத்து ஒரு மாசம் ஆகிறதாம்.

மூலையில் சாத்தியிருந்த டெல்மரின் இரட்டைக்குழல் துப்பாக்கியை ரோடா எடுத்து அவனிடம் நீட்டினாள். "இது டெல்மரோடதுதானா, பாய்ட்? கொஞ்சம் பாருங்க."

பாய்ட் வாங்கினான். மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து மூடினான். டெல்மருடையதுதான் என்று தலையாட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை உருவி, தன் கை பட்ட இடமெல்லாம் துடைத்து, சுவரில் சாத்தினான்.

"அப்பா பழக்கம்," என்றாள் வெர்னா, யாரும் கேட்காமலே. "கை வேர்வையோட துப்பாக்கிய கீழ வச்சா முதுகுல போடுவாரு."

"அந்தத் துணியக் கொஞ்சம் குடுங்க," என்றாள் ரோடா.

பாய்ட் கொடுக்கவில்லை. ஷெரிஃப்தான் வாங்கினார். எண்ணெய் ஊறிய பழந்துணி. நடுவில் நீளவாக்கில் கருநீலத் தீற்றல்.

ஷெரிஃபுக்குப் பிடிபடவில்லை. டெல்மரே வேலையை நிறுத்திவிட்டு எண்ணெய் பூசியிருக்கலாமே, சாகப்போகிறவன் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணிவிட்டுப் போவதில்லையா என்றார்.

"எண்ணெய் டப்பா மேல இருக்கு, சார். அவர் கையுறையில எண்ணெய் வாடையே இல்ல. நீலம் ஏறாத இரும்புல ஒரு பொட்டு எண்ணெய் பட்டாலும் அப்புறம் நீலம் பிடிக்காது, வேலை பாழ். அதுக்குப் பயந்துதான் கையுறை, அதுக்குப் பயந்துதான் எண்ணெயை மேல வச்சாரு. அவரே பூசுவாரா?" ரோடா பாய்டைப் பார்த்தாள். "குழலைக் கையில எடுத்துப் பாத்தவங்க வேற ஒருத்தங்க. பாத்துட்டு, பழக்கதோஷத்துல தொடச்சு வச்சிருக்காங்க. காயாத நீலம் துணியில ஒட்டிக்கிச்சு. ரிவால்வர் இருக்கற எடமும் தெரிஞ்சவங்க. இந்தக் குடும்பத்துல அப்படித் தொடைக்கறவங்க ரெண்டே பேரு. ஒருத்தங்க கையால நானே காலைல அப்பம் வாங்கித் தின்னேன். இன்னொருத்தர் நீங்க, பாய்ட்."

பாய்ட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

சத்தம் போட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனானாம். டெல்மர் பெருமையாகக் குழலைக் காட்டி, புதுசு மாதிரி ஆக்கிட்டேன் பார் என்றாராம். வாங்கிப் பார்த்தான். அப்பா கை பட்ட இடத்தைத் தேடினான். இல்லை. துடைத்து வைத்தான். டெல்மர் குனிந்து கரைசலைத் தொட்டபோது, படிக்கு மேலே தட்டில் இருந்த ரிவால்வரை எடுத்தான்.

"அப்பாவுக்குன்னு மிச்சம் இருந்தது அந்த ஒரு எடந்தான்," என்றான். "அவன் சிரிச்சுக்கிட்டே காட்டினான்."

வெர்னா எழுந்து நின்றிருந்தாள். காலையில் தான் சொன்ன சொல்லால் டெல்மர் சாகவில்லை என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ரோடா அதைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் ரோடா அன்று நிலவறைப் படியை மறுபடி இறங்கினாள்.

"ஒனக்கு யாருண்ணே சொன்னா, குழலைத் தேச்சுட்டார்னு?" என்று கேட்டாள் வெர்னா.

பாய்ட் தங்கையை நிமிர்ந்து பார்த்தான். "நீதானே, காலைல கூடத்துலேர்ந்து போன்ல அழுதே? அப்பாவ ரெண்டாந்தடவ பொதச்சுட்டான்னு."

ஷெரிஃப் அவன் கையைப் பின்னால் கட்டி வெளியே கூட்டிப்போனார். ரோடா அவர்களோடு போயிருக்க வேண்டும். அவள் போகவில்லை. அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. அதை அணைத்துவிட்டு வெர்னாவை உட்காரவைத்தாள்.

"இன்னிக்கு மனசு விட்டு நான் பேசினது ரெண்டு பேர்கிட்டதான், ரோடா," என்றாள் வெர்னா. "மொதல்ல அவர்கிட்ட. அப்புறம் அண்ணன்கிட்ட."