மூன்று காகிதங்களும் ஒரு குறட்டையும்

காலை பத்தரை மணிக்கு அந்த போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர்கள்...

சப் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டரின் வலது கை.

ரைட்டர். புகார்களைப் பதிவு செய்பவர். புகார் வராவிட்டாலும் பதிவு செய்பவர்.

ஏட்டு. முப்பத்திரண்டு வருட சர்வீஸ். ரிட்டயராக எட்டு மாதம் பாக்கி.

ரொட்டி வேன் ஓட்டும் பெண். நெற்றியில் பிளாஸ்திரி, வாயில் நெருப்பு.

பின்னறை பெஞ்சில் இன்ஸ்பெக்டர். உடம்பு மட்டும்!

நாற்பது நிமிடத்துக்கு முன்னால், சிக்னலில் நின்றிருந்த ரொட்டி வேன் மீது ஒரு நீலக் கார் பின்னாலிருந்து மோதியது. ஓட்டி வந்தவர் இன்ஸ்பெக்டர். இறங்கியதும் வேனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்!

"சடன் பிரேக் போட்டது உங்க தப்பும்மா" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"சிகப்பு விழுந்து நின்னுக்கிட்டிருந்த வண்டிக்கு எதுக்கு சார் சடன் பிரேக்?"

"லைசென்ஸ எடுங்க."

"எடுத்தா திரும்பி வராது. லைசென்ஸ் போச்சுன்னா நாளைக்கே பேக்கரில வேற ஆளு. என் வீட்ல அடுப்பு எரியறதே அந்த ஸ்டியரிங்காலதான். மொதல்ல உங்க ஆள ஊதச் சொல்லுங்க!"

"மெஷின் ரிப்பேர்."

"கால் மணி முன்னாடி என்னை ஊதச் சொன்னப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"நீங்க ஊதின ஊதுலதான் ரிப்பேர் ஆச்சு!"

அந்த ஸ்டேஷனில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நம்ம ஆள் மாட்டினால் அவரவர் பங்குக்கு ஓர் உதவி. அடுத்தவர் என்ன உதவி செய்தார் என்று கேட்கக்கூடாது. தெரியாத விஷயம் கோர்ட்டில் வாய் தவறி வராதே!

அதனால் இந்த நாற்பது நிமிடத்தில் மூன்று பேரும் மும்முரமாக உதவியிருந்தார்கள். தனித்தனியாக.

டெலிபோன் அலறியது.

எடுத்த சப் இன்ஸ்பெக்டர் விறைத்து நின்றார்.

"மேடம்!... அந்த சிக்னல் டிராபிக்ல நீங்களும் மாட்டிக்கிட்டீங்களா?... இங்கயா?... இப்பவேவா?"

ரிசீவரை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பின்னறைக் கதவைச் சாத்தினார்.

மேலதிகாரி உள்ளே வந்தார். மூக்குக் கண்ணாடி. மெல்லிய குரல். அந்தக் குரலைக் கேட்டு இரண்டு பேர் லீவு போட்டதாகத் துறையில் பேச்சு.

"இன்ஸ்பெக்டர் எங்க?"

"நெஞ்சு வலி மேடம்" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "காலைல ஏழு மணிக்கே ஆஸ்பத்திரில சேர்த்தாச்சு. இதோ சர்டிபிகேட். டாக்டர் என் மச்சான்தான், ரொம்ப நம்பிக்கையான ஆளு."

"ஐயோ பாவம். அப்ப அவர் கார் எப்படி சிக்னலுக்கு வந்துச்சு?"

ரைட்டர் முந்திக்கொண்டார். "திருட்டுப் போயிடுச்சு மேடம்! ஒம்பது மணிக்கு சாரே நேர்ல வந்து புகார் குடுத்தார்."

சப் இன்ஸ்பெக்டரின் தலை மெல்லத் திரும்பியது.

"நெஞ்சு வலியோடவா?" என்றார் மேலதிகாரி.

"கடமை உணர்ச்சி மேடம்... வலி இருந்துச்சு. கையெழுத்து கோணலா இருக்கு பாருங்க."

அப்போது ஏட்டு கண்ணை மூடிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மேடம்! கார ஓட்டினது நான்தான். வாக்குமூலம் எழுதி வெச்சிருக்கேன். எந்தத் தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன்!"



வேன்காரப் பெண் கைதட்டினாள். "பரவாயில்லையே... ஒன்றரை மணி நேரத்துல திருடனப் புடிச்சிட்டீங்க!"

ஏட்டு கண்ணைத் திறந்தார். "திருடனா? நானா?... யோவ் ரைட்டர், என்னய்யா எழுதித் தொலைச்ச?"

"உங்கள யாரு ஓட்டச் சொன்னது?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"மொதல்ல உன் மச்சான மூடச் சொல்லு!" என்றார் ஏட்டு.

பின்னறையிலிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அது என்ன?"

"பூ... பூனை மேடம்."

மேலதிகாரி கதவைத் திறந்தார். பூனை யூனிபார்மில் இருந்தது. ஒரு காலில் மட்டும் ஷூ.

"மெஷின எடுங்க."

"ரிப்..."

"எடுங்க!"

சப் இன்ஸ்பெக்டர் தன் சட்டைப் பையிலிருந்து பேட்டரியை எடுத்து மெஷினில் போட்டார். இன்ஸ்பெக்டரை நிமிர்த்தி உட்கார வைத்து ஊத வைத்தார்கள். மெஷின் கதறியது. மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

"அம்மா, உங்க மேல கேஸ் இல்ல. லைசென்ஸ் உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்கதான் சாட்சி."

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"குடிச்சிட்டு ஓட்டினதுக்கு இன்ஸ்பெக்டர் மேல கேஸ். பொய் சர்டிபிகேட், பொய் புகார், பொய் வாக்குமூலம்... உங்க மூணு பேர் மேலயும் கேஸ்."

மூன்று பேருக்கும் ஒரே நொடியில் ஞானம் பிறந்தது.

"டியூட்டிலயே குடிப்பாரு மேடம்!" என்றார் ஏட்டு.

"போன மாசம் ஒரு விளக்குக் கம்பத்த இடிச்சாரு. நடு ரோட்ல நின்னதா கம்பம் மேல கேஸ் போட்டோம்!" என்றார் ரைட்டர்.

இன்ஸ்பெக்டரின் போதை விறுவிறுவென்று இறங்கியது. எழுந்து நின்றார். சப் இன்ஸ்பெக்டர் அவர் காதருகே குனிந்தார்.

"கவலைப்படாதீங்க சார். மச்சான்கிட்ட சொல்லி, உங்களுக்குப் புத்தி சரியில்லன்னு ஒரு சர்டிபிகேட்..."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். ஒற்றை ஷூவோடு நடந்து, காலியாக இருந்த லாக்கப்பைத் திறந்து, தானே உள்ளே போனார்! கம்பி வழியாக மேலதிகாரியிடம் சாவியை நீட்டினார்.

"எழுதிக்குங்க மேடம். குடிச்சேன். ஓட்டினேன். இடிச்சேன். பூட்டுங்க!"

கதவு சாத்தப்பட்டது. பூட்டு 'க்ளக்' என்று விழுந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சாவிய மட்டும் இவனுங்ககிட்ட குடுத்துடாதீங்க மேடம்... மறுபடி உதவி பண்ணிடுவானுங்க!"