பட்டுக்கு ஒரு பாட்டு

தையல்காரி அழுதுகொண்டு வந்திருந்தால்கூடத் தேவலாம். கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், கைப்பிடி தேய்ந்த இஸ்திரிப் பெட்டி ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, "இது கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க சார். நல்லாத்தான் இருக்குன்னா, என் தம்பியை இன்னிக்கே கடையை விட்டு அனுப்பிடுவேன்" என்றாள்.

மேஜைக்கு அந்தப்புறம் இருந்தவர் மின்வாரியத்தில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார் என்பதால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் 'மீட்டர்'. பக்கத்தில் இருந்தவன் அவர் மனைவியின் தம்பி, 'அவசரம்'. அந்தப் பெயருக்கு விளக்கம் வேறு வேண்டுமா என்ன? யாருக்கோ சிக்கல் என்று காதில் விழுந்ததுமே செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டான்.

விஷயம் இதுதான். கடை அவள் அப்பா நடத்தியது. அவர் போனபிறகு அக்கா தைக்கிறாள், தம்பி இஸ்திரி போடுகிறான். நேற்று ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு உடையில் பெட்டியை வைத்தான். முன்பக்கம் அப்படியே கருகிப்போனது.

"சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகெல்லாம் இதுல கிடையாது சார். பிளக்கைச் சொருகணும், சூடானதும் பிடுங்கணும். இவன் என்னடான்னா பாட்டுப் பாடிக்கிட்டு நிக்கிறான்! கேட்டா, அப்பா மாதிரியேதான் செஞ்சேங்கறான். அப்பா இதே பெட்டியில எவ்வளவு பட்டு தேய்ச்சிருக்காரு, ஒரு நூல் கருகினதில்ல."

கடை அந்தத் தெருவின் கடைசியில் இருந்தது. திருப்பத்தில் பெயின்ட் வாசனை போகாத புது டிரான்ஸ்பார்மர் ஒன்று நின்றது. கடைக்குள் மின்விசிறி சுற்றிய வேகத்தில் அளவு எழுதிய காகிதங்கள் பறக்க, அவற்றின்மேல் கத்தரிக்கோலை வைத்திருந்தார்கள். பல்பு எரியவில்லை.

"அப்பா வாங்கி வெச்ச பல்பையே மாத்தி மாத்திப் போடறோம், ஃப்யூஸ் ஆகிட்டே இருக்கு" என்று அலுத்துக்கொண்டாள் அக்கா. மீட்டர் அண்ணாந்து விசிறியைப் பார்த்தார்.

மூலையில் தம்பி துணிப்பையோடு நின்றிருந்தான். தன் சட்டைகளை அதில் மடித்து வைத்தாகிவிட்டது. அவசரத்துக்கு மனசு கேட்கவில்லை.

"அத்தான், உள்ள இருக்கிற கம்பிச்சுருளை யாரோ மாத்திட்டாங்க. எதிர்க்கடைக்காரன் வேலைதான் இது!"

"அளந்து பாத்துடுவோம் மச்சான்" என்று மீட்டர் தம் தகரப் பெட்டியைத் திறந்தார். கருவிகளை இஸ்திரிப் பெட்டியோடு இணைத்து, பிளக்கைச் சொருகி, முள் நின்றதுமே பிடுங்கிவிட்டார்.

"இருநூத்தி முப்பது வோல்ட். ரெண்டு ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா தடை: நூத்திப் பதினஞ்சு ஓம். ரெண்டையும் பெருக்கினா பவர்: நானூத்தி அறுபது வாட்."

இஸ்திரிப் பெட்டியின் பின்னால் இருந்த தகட்டைத் துடைத்துக் காட்டினார். 230 வோல்ட், 460 வாட் என்றே பொறித்திருந்தது.

"சுருளை யாரும் தொடலை. பெட்டி தங்கமா இருக்கு."

அவசரத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. நல்லது செய்கிறேன் என்று வந்து பையன் தலையில் கல்லைப் போட்டாயிற்றே! அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தம்பி பையைத் தோளில் மாட்டினான். "வரேன்க்கா."

"இருப்பா. பெட்டிமேல தப்பில்லேன்னா உன்மேலதான் தப்புன்னு நான் சொல்லலியே" என்றார் மீட்டர். "அந்தப் பாட்டு எதுக்கு?"

"அப்பா கணக்கு சார். பட்டுக்கு ஒரு பாட்டு, பருத்திக்கு ரெண்டு. பாட்டு முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கிடணும். ஒரு வரிகூட நான் கூட்டலை."

அக்கா சட்டென்று திரும்பினாள். "கணக்கா? சந்தோஷத்துல பாடறார்னுல்ல நெனச்சேன்!"

"டிரான்ஸ்பார்மர் வந்தபிறகு பட்டு ஏதாவது தேய்ச்சியா?" என்று மீட்டர் தம்பியைக் கேட்டார்.

"இல்ல சார். எல்லாம் தடித் துணி. பட்டுன்னு வந்தது இது ஒண்ணுதான்."

"அப்போ கேளுங்க" என்று மீட்டர், கடையில் கிடந்த அவர்கள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் வேலையில இருந்தப்ப இந்தத் தெருவுலேருந்து புகார் வராத நாளே இல்ல. இந்தக் கோடியில எப்ப அளந்தாலும் நூத்தி அறுபது வோல்ட்தான். தடை அதே நூத்திப் பதினஞ்சு. வகுத்துப் பாருங்க, ஒண்ணரை ஆம்பியர்கூட வராது. வோல்ட்டும் கம்மி, கரண்டும் கம்மி. பெருக்கினா இருநூத்தி இருபது வாட் சொச்சம். இப்ப வர்றதுல பாதிகூட இல்ல. உங்கப்பா பாட்டு அந்த நோஞ்சான் கரண்டுக்குப் போட்ட அளவு. இப்ப நல்ல கரண்டு வந்துடுச்சு. விசிறி பறக்குது, குறைஞ்ச வோல்ட்டுக்குன்னு உங்கப்பா வாங்கி வெச்ச பல்பு தாங்கலை, பட்டு கருகுது. மூணுக்கும் ஒரே ஆள்தான் காரணம், திருப்பத்துல நிக்கிறான்."

அக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் கண்முன் வந்தது. மங்கல் பல்பில் கண் தெரியாமல் அப்பா மெஷினை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டது. மத்தியானத்தில் விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டே அவள் தூங்கிப்போனது. அவர் நிதானமாகப் பாடியது. அந்தச் சோம்பேறி நாட்கள் இனி வராது என்று தோன்றியது. இவ்வளவு நேரம் வராத கண்ணீர் இப்போது வந்தது.

தம்பியின் தோளிலிருந்து பையைப் பிடுங்கி மெஷினுக்கடியில் தள்ளினாள். கருகிய உடையிலிருந்து நல்ல துண்டு ஒன்றை வெட்டி விரித்து, ஆறியிருந்த பெட்டியின் பிளக்கைச் சொருகி, "பாடுடா" என்றாள்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினான். பாட்டு பாதிக்கு வருமுன்பே அவள் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டி பட்டின்மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கருகல் இல்லை.

"இனிமே அப்பா பாட்டு இவ்வளவுதானாக்கா?" என்றான் தம்பி.

"தேய்ச்சுக்கிட்டே மீதியையும் பாடுடா, மண்டு. அதை யாரு வேணாம்னா?"

அவசரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு, விசிறிக் காற்றில் தூசி பறக்கிறது என்று குறைப்பட்டான். மீட்டர் கருவிகளைத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தம்பி விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தான். இரண்டாம் அடியில் அக்காவும் சேர்ந்துகொண்டாள்.