முப்பத்தாறு பாகை இடைவெளி

மூன்று மணிக்கே ஒட்டி முடித்துவிடலாம் என்றுதான் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த தேவதர்ஷினி நினைத்திருந்தாள். மணி நாலாகிவிட்டது. மூன்று ஐங்கோணங்களைச் சேர்த்து வைத்தால் நடுவில் இடுக்கு விழுந்தது. நான்காவதை வைத்தால் அது பக்கத்துத் துண்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை அவர்களுடைய ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் கணக்குக் கண்காட்சி. ஏழாம் வகுப்பில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு பலகோணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை ஒரே அளவில் பல துண்டுகளாக வெட்டி, தரைக்கு டைல்ஸ் பதிப்பதுபோல இடைவெளி விடாமல் அட்டை முழுக்க ஒட்ட வேண்டும். சதுரத்தையும் அறுகோணத்தையும் மற்றவர்கள் முந்தி எடுத்துக்கொண்டார்கள்.

"நாலு பக்கம் சேருது. ஆறு பக்கமும் சேருது. நடுவுல இருக்கற அஞ்சு மட்டும் சேராம எங்க போயிடும்?" என்று அடித்துச் சொன்னவள் தேவதர்ஷினிதான். கோணத்தை அவள் பார்க்கவே இல்லை. வாய் மட்டும்தான் வேலை செய்தது.

அதை நம்பி அவள் தோழி ஆரிஃபா இரண்டு நாள் உட்கார்ந்து இருபத்துநான்கு ஐங்கோணங்களை வெட்டியிருந்தாள். ஒவ்வொன்றும் அத்தனை கச்சிதம். கத்தரிக்கோல் பிடித்த விரலில் கொப்புளமே வந்துவிட்டது.

"நாளைக்கு அத்தா தில்லை நகர் கடையை மூடிட்டு வராங்க. நான் வெட்டுனதைப் பாக்கணுமாம்" என்றாள் ஆரிஃபா. "நான்தான் கோணலா வெட்டிட்டேனாடி?"

தேவதர்ஷினிக்குச் சுருக்கென்றது. தலையை ஆட்டினால் போதும், பழி அங்கே போய்விடும். அவளுக்கு மனசு வரவில்லை.

"இரு, அளந்து பாப்போம்."

கோணமானியை ஒரு மூலையில் வைத்தாள். நூற்றெட்டு பாகை. இன்னொரு துண்டிலும் நூற்றெட்டு. பிறகு தாளில் ஓர் ஐங்கோணம் வரைந்து, ஒரு மூலையிலிருந்து இரண்டு கோடுகள் இழுத்தாள். மூன்று முக்கோணங்கள் கிடைத்தன. ஒன்றுக்கு நூற்றெண்பது பாகை என்றால் மூன்றுக்கு ஐந்நூற்று நாற்பது. ஐந்து மூலைக்கும் பங்கு போட்டால் நூற்றெட்டு.

"பாத்தியா? நீ வெட்டுனது சரிதான். மூணு மூலை சேந்தா முந்நூத்தி இருபத்திநாலு. ஒரு புள்ளியைச் சுத்தி முந்நூத்தி அறுபது வேணும். முப்பத்தாறு குறையுது. யாரு வெட்டுனாலும் குறையும். நான்தான் பாக்காம உளறிட்டேன். மன்னிச்சுக்கடி."

ஆரிஃபா துண்டுகளை அள்ளிக்கொண்டு குப்பைக்கூடைப் பக்கம் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தேவதர்ஷினிக்கு.

"போடாத! மூணே மூணு குடு."

தேவதர்ஷினி அந்த மூன்றையும் பக்கத்தோடு பக்கம் வைத்து செலோடேப் ஒட்டினாள். மிச்சமிருந்த இடுக்கின் இரண்டு ஓரங்களையும் ஆத்திரத்தோடு இழுத்துச் சேர்த்தாள். இடுக்கு மூடிக்கொண்டது. ஆனால் நடுப்புள்ளி மேசையை விட்டுக் கூம்பாக எழும்பியது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"இது படுக்காதாம்டி" என்றாள் ஆரிஃபா மெதுவாக. "இன்னும் ஒட்டிப் பாப்போமா?"

ஒட்ட ஒட்ட அது வளைந்தது. ஆறு சேர்ந்ததும் கிண்ணம். இன்னொரு ஆறு, இன்னொரு கிண்ணம். ஒன்றை ஒன்றின் மேல் கவிழ்த்தால் பல்லோடு பல்லாகக் கடித்துக்கொண்டு ஓர் உருண்டை! மீதிப் பன்னிரண்டில் இன்னொன்று. காவலாளி வந்து, "கேட்டைப் பூட்டணும்மா, கிளம்புங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

மறுநாள் கணக்கு டீச்சர் லூர்துராணி அவர்கள் இருவரின் மேசை முன் வந்து நின்றார். மேலே இரண்டு உருண்டைகள் நூலில் ஆடின. கீழே அட்டையில் துண்டு ஒன்றுகூட இல்லை.

"அட்டையை நிரப்பச் சொன்னேனே?"

"நிரம்பாது டீச்சர். ஏன்னு எழுதி வச்சிருக்கோம்" என்றாள் தேவதர்ஷினி.

டீச்சர் கணக்கைப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'வெட்டியது: ஆரிஃபா. பார்க்காமல் பேசியது: தேவதர்ஷினி.'

அந்நேரம் ஆரிஃபாவின் அத்தா வந்து சேர்ந்தார். உருண்டையை விரலால் தொட்டு, ஒட்டிய இடத்தைத் தேடிப் பார்த்தார். "ஒரு ஓட்டை இல்லையே! எல்லாம் நீயாம்மா செஞ்ச?"

"நான் வெட்டுனேன் அத்தா. சேத்து வச்சது இவ" என்றாள் ஆரிஃபா. பிறகு தேவதர்ஷினியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.